உயர்கல்வி நிருவாகமும் ஆளறியும் திறனும்

சென்ற மார்கழி விடுமுறையில் ஒருநாள் மாலை, முன்னர் என்பால் தமிழ் கற்ற மாணவரொருவர் பொகவந்தலாவையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். இப்பொழுது அவர் இந்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலே விரிவுரையாளர். கொழுந்து பறித்த தாயின் மகன். லயத்துக் காம்பிராவிலே ஐந்து பேரோடு இருந்து படித்து உயர்ந்தவர். அவர் கையிலே ஒரு கோவை இருந்தது. மேற்படிப்பின் பொருட்டு வெளிநாடு செல்லவிருப்பதாகவும், கல்வி விடுமுறை பெறுவோர் எழுதிக்கொடுக்கவேண்டிய பிணைமுறியிலே பிணையாளியாக யான் கையொப்பமிடல் வேண்டுமென்றும் கேட்டார்.

கையொப்பமிடுமுன்னர், ஆசிரியனுக்குள்ள உரிமையோடு, "தம்பி, படிப்பு முடிந்ததும் வந்துவிடுவாய்தானே?" என்று கேட்டேன்.

அவர் உடனே மறுமொழி கூறவில்லை. சிறிது நேரங் கழித்து, "ஐயா, நான்கு வருடம் அங்கே வேலை செய்துவிட்டேன். அங்கே நான் ஒரு பேர், அவ்வளவுதான்" என்றார்.

தேயிலைத் தோட்டங்களை அறியாத வாசகர்க்கு இச்சொல்லை விளக்குதல் வேண்டும். தோட்ட வழக்கிலே 'பேர்' என்பது ஒருநாள் வேலையைக் குறிக்கும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்குச் செக்றோலில் ஒரு பேர் விழும். குறையப் பறித்தவருக்கு அரைப் பேர். மனிதனுடைய பெயர் அவனது நாட்கூலிக் கணக்காகச் சுருங்கிவிட்ட சொல் அது. இரண்டு நூற்றாண்டுக் காலம் அவ்வாறு எண்ணப்பட்ட ஒரு சமூகத்திலே தோன்றிப் பல்கலைக்கழக விரிவுரை மேடையை அடைந்த ஓர் இளைஞர், அம்மேடையிலும் தம்மை ஒரு பேராகவே காண்கின்றார் என்றால், அதனை அவருடைய தனிப்பட்ட மனக்குறையென்று தள்ளிவிடலாமா? அன்றிரவு முழுவதும் இவ்வினா என் உள்ளத்தை விட்டகலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

அவர் கூறியவற்றுட் சம்பளத்தைப் பற்றிய பேச்சே இல்லை என்பது என்னை வியப்பிலாழ்த்திற்று. தமக்குப் பயிற்சியில்லாத பாடமொன்று கலந்து பேசப்படாமலே தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதென்றார். தாம் இரண்டாண்டு உழைத்து ஆக்கிய பாடநெறி வேறொருவருக்கு மாற்றப்பட்டதை அறிவித்தற் பலகையிலே கண்டு அறிந்துகொண்டதாகச் சொன்னார். நூல்கள் சில வேண்டுமென எழுதிய கடிதத்துக்கு ஏழு மாதமாகியும் ஆம் என்றோ இல்லை என்றோ மறுமொழி கிடைக்கவில்லையாம். இவற்றுள் எதனையும் கொடுமையென்று கூறமுடியாது. அவருடைய துறைத்தலைவர் தீயவருமல்லர். தம் துறையிலே பெரும் புலமை வாய்ந்தவரென்றே என் மாணவரும் கூறினார். தம்மிடம் பணிபுரியும் மனிதரை அறிதலும் தம் கடமையுள் அடங்குமென்று அப்பெரியாருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குறை அவ்வளவே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து விரிவுரையாளர் பலர் வெளியேறியமை யாவரும் அறிந்ததே. கல்வி விடுமுறையிற் சென்றோருட் பலர் திரும்பி வந்திலர். விலைவாசியும் வரியும் சம்பளமும் இதற்குக் காரணங்கள் என்பதை மறுப்பவன் யானல்லேன். ஆயினும் ஒரே சம்பளம் பெறும் இருவருள் ஒருவர் நிலைத்திருக்க மற்றவர் நீங்குவது ஏன் என்று வினவுவோமாயின், பணத்தின் கணக்கு அவ்விடத்திலே முடிவடைந்து, மனிதரின் கணக்குத் தொடங்கும்.

இக்கணக்கினைக் கூறும் இயலை இன்று 'மனிதவள முகாமைத்துவம்' என்கின்றோம். காட்டுவளம், நீர்வளம் என்பதுபோல மனிதனையும் ஒரு வளமாகக் கூறும் இத்தொடர் என் செவிக்குச் சற்றே உறுத்தலாயினும், வழக்கூன்றிவிட்டமையின் ஏற்றுக்கொள்ளுகின்றேன். ஆட்சேர்த்தல், பணி பகிர்தல், பயிற்றல், மதிப்பிடல், பிணக்குத் தீர்த்தல், தக்காரை நீங்காது காத்தல் ஆகியன இவ்வியலின் பொருள். மேனாட்டாரின் தொழிற்சாலைகளிலே வளர்ந்த இயலெனினும் இதன் உட்கரு நமக்குப் புதியதன்று.

திருக்குறளின் அரசியற் பகுதியிலே அதிகாரங்கள் நிற்கும் முறைமையைச் சற்றே நோக்குக. கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வி வருகின்றது. பின்னர், செயலை ஆராய்தல், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன கூறி, அவற்றின்பின் 'தெரிந்து தெளிதல்' என 51ஆம் அதிகாரத்தையும், 'தெரிந்து வினையாடல்' என 52ஆம் அதிகாரத்தையும் வைத்தார் வள்ளுவர். முன்னது ஆளை ஆராய்ந்து தேர்தல். பின்னது தேர்ந்தவனை அவனுக்கேற்ற பணியில் அமர்த்தி ஆளுதல். இரண்டும் வெவ்வேறு திறன்களாதலின் வெவ்வேறு அதிகாரங்களாயின. அதற்கடுத்து நிற்பது 'சுற்றந்தழால்'. சேர்ந்தாரைப் பிரியாமற் காத்தலும் ஆள்வோனின் தொழிலே என்பது இவ்வைப்புமுறையாற் புலனாகும். எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளியப்பட்ட ஒருவரும் பதவியில் அமர்ந்தபின் வேறுபடுதல் உண்டென்ற எச்சரிக்கையும் 52ஆம் அதிகாரத்திலே உளது. சிறந்த ஆராய்ச்சியாளர் சிறந்த பீடாதிபதியாக அமைவாரென்பதற்கு உறுதியில்லை என்னும் இக்காலத்து உண்மையை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

இனி, நம் பல்கலைக்கழகங்களின் அமைப்பை நோக்குவோம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஆங்குக் கற்ற மாணவர் ஆயிரவரினும் குறைந்தவரே. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் தம் ஆசிரியர் ஒவ்வொருவரையும் முகமறிந்து பழகத்தக்க அளவினதாய் அஃதிருந்தது. இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்கீழ் 17 அரச பல்கலைக்கழகங்கள் உள்ளன. அன்றைய பல்கலைக்கழகம் முழுவதிலும் இருந்தாரினும் மிகுந்த மாணவரைத் தனியொரு பீடத்திலே கொண்ட நிறுவனங்களும் அவற்றுள் உண்டு. அளவு பெருகப் பெருக, முகத்தால் அறிந்த இடத்தைக் கோவையால் அறிதல் பற்றிக்கொண்டது. இது யாருடைய குற்றமுமன்று, வளர்ச்சியின் விளைவு. ஆயின், முன்பு தானாகவே நிகழ்ந்த ஒன்றை இப்பொழுது முயன்று செய்தல் வேண்டுமென்பதை நாம் இன்னும் உணர்ந்திலோம்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் துணைவேந்தரைப் பிரதம நிறைவேற்று அலுவலராகவும் பிரதம கல்வி அலுவலராகவும் ஒருங்கே ஆக்கிற்று. பீடாதிபதியைப் பீடச்சபை மூன்றாண்டுக்குத் தேர்ந்தெடுக்குமாறு வகுத்தது. கற்றோரைக் கற்றோரே ஆளுதல் வேண்டுமென்னும் உயர்ந்த கொள்கை இதன் உயிர்நாடி. அக்கொள்கையை யான் போற்றுகின்றேன். ஆனால் ஒரு விந்தையைக் காண்க. புதிதாகச் சேரும் தகுதிகாண் விரிவுரையாளர் கற்பித்தல் முறைகளிலே பயிற்சிநெறியொன்றை நிறைவுசெய்தல் வேண்டும். அதுவின்றி அவர் பதவி உறுதிப்படுத்தப்படாது. அவருக்கும், அவரைப்போன்ற பலருக்கும், எழுதுவினைஞர், ஆய்வுகூட உதவியாளர், நூலகப் பணியாளர் ஆகியோருக்கும் தலைவராகப் போகின்றவரிடமோ இத்தகைய சான்று எதனையும் அச்சட்டம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை ஆராய்ச்சியாளராக இருந்தவர் திங்கட்கிழமை நிருவாகியாகின்றார். மூன்றாண்டுகளிலே தட்டுத்தடுமாறி அவர் கற்றுக்கொள்ளும்போது பதவிக்காலம் முடிவடைகின்றது. கற்றதும் அவரோடு போய்விடுகின்றது.

இவ்விடத்திலே எம் மலைநாட்டின் அனுபவமொன்றைச் சொல்லுதல் பொருத்தமுடைத்து. ஆளை அறியாது ஆளைக் கணக்கிடும் நிருவாகத்தின் பயனை எம்மினும் நன்கறிந்தார் இலர். பெரிய கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த காலத்திலே, வழிச்செலவும் முற்பணமும் கடனாக எழுதப்பட்டன. கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குச் செல்லுவதாயின், கடன் இவ்வளவு எனக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைத் துரை கொடுப்பார். அக்கடனை இறுக்கும் தோட்டம் அவர்களை ஏற்றுக்கொள்ளும். மனிதரைக் கடனாற் பிணித்து வைத்த இம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தும் பிரட்டுக்களத்திலே தலையெண்ணும் மனப்பான்மை ஒழிந்திலது. இன்று தோட்டங்களிலே கொழுந்தெடுக்க ஆளில்லை என்று முறையிடுகின்றனர். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் போய்விட்டனர். கூலி குறைவென்பது முதற் காரணம். அதனோடு, போனவர்களைக் கேட்டாற் கூறும் மற்றொரு காரணமும் உண்டு: "அங்கே மரியாதை இல்லை."

பல்கலைக்கழகப் பிணைமுறியும் துண்டும் ஒன்றென்று கூற வந்தேனல்லேன். பொதுமக்கள் பணத்தாற் படிக்கச் செல்பவர் திரும்பி வந்து பணிசெய்தல் நியாயமே. அதனை எழுத்திலே வாங்குதலும் நியாயமே. ஆயின் முறி கடனை ஈட்டித்தரும், ஆசிரியரை ஈட்டித்தராது. வராதவரின் பிணையாளிகளிடம் பணத்தை அறவிட்டு என்ன பயன்? வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். அவர் கற்பிக்க வேண்டிய மாணவரும் ஆசிரியரின்றியே இருப்பர்.

ஆளறிந்து ஆண்டோர் நம்மிடை இல்லாமற் போகவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையிற் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றியபோது, பட்டமெதுவும் பெறாத மட்டக்களப்பு அண்ணாவிமாரின் அறிவைப் பல்கலைக்கழகத்தின் அறிவாக மதித்து ஏற்றார். கிராமத்து மாணவரின் ஆடலும் பாடலும் இகழ்ச்சிக்குரியன அல்ல, கற்றற்குரியன என்று காட்டினார். அம்மாணவர் பலர் பின்னர்த் தாமே அறிஞராயினர். அவரே 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அதற்குமுன் 1974இல் ஆங்கு வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராயிருந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராயிருந்து இளம் எழுத்தாளர் பலருக்குக் களமமைத்துக் கொடுத்தவர் அவர். பெயரறியாத ஒருவரின் எழுத்திலே ஆற்றலைக் கண்டு, அவருக்கு ஒரு பணியைக் கொடுத்து, அவரை வளர்க்கும் பத்திரிகாசிரியரின் கண்ணே நல்ல நிருவாகியின் கண்ணும் என்பது என் கருத்து.

மூன்றாமவர் பேராசிரியர் அ. துரைராசா. கேம்பிரிட்ஜிலே ஆராய்ச்சிப்பட்டம் பெற்ற பொறியியலறிஞர்; 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். போரும் எரிபொருட் தடையும் நிலவிய அக்காலத்திலே அவர் துவிச்சக்கரவண்டியிலே பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவந்ததை யாழ்ப்பாண மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். இதனை எளிமைக்கு எடுத்துக்காட்டாகவே கூறுவர். யான் இதனை நிருவாகத் திறனுக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளுகின்றேன். வாயிலிலே நிற்கும் காவலாளியும், தூரத்திலிருந்து மிதித்துவரும் இளநிலை விரிவுரையாளரும் படும் துன்பத்தைத் தலைவர் தாமும் பட்டு அறிந்திருந்தார். அத்தகையவர் ஒன்றைச் செய்யுமாறு கேட்டால், செய்யமாட்டேன் என்று கூற யாருக்கு நா எழும்?

பெரியோரைப் போற்றுவதோடு அமைந்துவிடலாகாது. இயல்பாகவே இத்திறன் வாய்ந்தோர் எக்காலத்தும் சிலரே. ஏனையோர் கற்றே பெறுதல் வேண்டும். கற்பிக்கத்தக்கனவும் உள. எனக்குத் தோன்றியவற்றைக் கூறுவேன்.

முதலாவது, பொறுப்பேற்குமுன் பயிற்சி. துறைத்தலைவரும் பீடாதிபதியும் பதவியேற்பதற்கு முன்னரே, அனுபவம் வாய்ந்த பதிவாளரும் முன்னாட் பீடாதிபதிகளும் உண்மையில் நிகழ்ந்த சிக்கல்களை எடுத்துவைத்து ஆராயும் குறும்பயிற்சியொன்றைப் பெறுதல் வேண்டும். விலகுபவர் ஒருமாத காலமேனும் உடனிருந்து பொறுப்பினைக் கையளித்தல் வேண்டும்.

இரண்டாவது, கேள்வி. ஆண்டுக்கு இருமுறையேனும் ஒவ்வொரு விரிவுரையாளரையும் தனியே அழைத்து, "உமது வேலை எவ்வாறு செல்கின்றது? எது தடையாயிருக்கின்றது?" என்று வினவி, மறுமொழியைக் குறுக்கிடாது கேட்டு, செய்வதாக ஏற்றதைக் குறித்துவைத்தல். இதற்குப் பணம் வேண்டியதில்லை; அரைமணி நேரம் போதும்.

மூன்றாவது, பணிப்பகிர்வை எல்லாரும் காணச் செய்தல். எவர் எத்தனை மணிநேரம் கற்பிக்கின்றார், எத்தனை விடைத்தாள் திருத்துகின்றார், எத்தனை குழுக்களில் அமர்கின்றார் என்னும் பட்டியல் ஒளிவின்றி இருக்குமாயின், துறைகளிலே புகையும் பூசல்களுட் பாதி தணியும். வேலையின் தன்மை, அதற்கு வேண்டிய கருவி, செய்பவரின் ஆற்றல் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து ஒப்படைத்தபின், அவரை நம்பிவிடுதலும் வேண்டும். ஒப்படைத்த பணியிலே நாடோறும் கையிடுதல் ஒப்படையாமையினும் தீது.

நான்காவது, மறுமொழி. கடிதம் எழுதியவருக்கு ஆம், இல்லை, இன்ன நாளிற் கூறுவேன் என்னும் மூன்றில் ஒன்று கிடைத்தல் வேண்டும். காரணத்தோடு கூடிய 'இல்லை' ஒருவரை வருத்தலாம். மௌனமோ அவரை அவமதிக்கும். அன்றியும், கண்டிக்க வேண்டியதைத் தனியறையிலும் பாராட்ட வேண்டியதைச் சபையிலும் செய்தல் நலம். நம்மவர் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

ஐந்தாவது, கல்விசாரா ஊழியரையும் கல்வியின் பங்காளிகளாக மதித்தல். 2012 ஜூலையிற் பல்கலைக்கழக ஆசிரியர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒக்டோபர் வரை நீண்டது. 2024 மே மாதத்திலே கல்விசாரா ஊழியர் தொடங்கியதும் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. கல்விக்கான அரச ஒதுக்கீடும் சம்பளமும் கொடுப்பனவும் பற்றிய அப்பிணக்குகளைத் துறைத்தலைவரோ துணைவேந்தரோ தனித்துத் தீர்த்திருக்க முடியாது. ஆயினும் வேலைநிறுத்தம் முடிந்து மீண்டும் அலுவலகம் திறந்த காலையிலே ஒருவரையொருவர் முகங்கொடுத்து நோக்கினரா, முகந்திருப்பிக்கொண்டனரா என்பது அவ்வவ்விடத்துத் தலைவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

ஆறாவது, விலகுபவரிடம் காரணம் கேட்டல். தோட்டத்திலே ஒருவர் பெயர் வெட்டப்பட்டால் ஏன் போனார் என்று கேட்பாரில்லை. பல்கலைக்கழகமேனும் கேட்கட்டும். பத்துப்பேர் கூறும் காரணங்களை ஒருங்குவைத்து நோக்கினால், எங்கே திருத்தம் வேண்டுமென்பது தானே புலப்படும்.

"சுற்றுநிருபங்களாற் கைகள் கட்டப்பட்டிருக்க, ஆட்சேர்ப்பும் நிதியும் பிறர் கையிலிருக்க, நாங்கள் என்ன செய்வோம்?" என்று நிருவாகிகள் வினவக்கூடும். அவ்வினா நேர்மையானதே. சம்பளத்தைக் கூட்டவும் புதிய பதவிகளை ஆக்கவும் அவர்களால் இயலாது. யான் மேலே கூறிய ஆறனுள் பயிற்சியொன்று தவிர, ஏனைய ஐந்துக்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பதை மாத்திரம் அவர்கள் எண்ணிப்பார்ப்பார்களாக.

பிறர்க்குப் புத்தி கூறும் யானும் குற்றமற்றவனல்லேன். பல ஆண்டுகளுக்கு முன், பாடசாலையொன்றிலே நேரசூசி வகுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. புதிதாக வந்த இளம் ஆசிரியையொருவருக்கு எவரும் விரும்பாத வகுப்புகளையெல்லாம் கேளாமலே எழுதிவைத்தேன். கட்டங்கள் நிரம்பிவிட்டன என்று மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டு அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். பிரியாவிடையிலே, "நீங்கள் ஒருமுறை கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு செய்திருப்பேன் ஐயா" என்றார். பிராசீனக் கல்லூரியிற் பண்டித வகுப்பிலே பரிமேலழகருரையோடு பாடங்கேட்ட 'தெரிந்து வினையாடல்' அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இவையெல்லாம் எம் மலையகத்துக்கு ஏன் இத்துணை முக்கியமாகின்றன? தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத்தொடங்கியதே 1970களிலேதான். ஏனைய சமூகத்தார் இரண்டு மூன்று தலைமுறையாகப் பல்கலைக்கழகம் கண்டிருக்க, எம் பிள்ளைகள் தாமதித்தே அவ்வாயிலை அடைந்தனர். ஜெர்மானிய உதவியோடு பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றாற் பயிற்றப்பட்ட ஆசிரியர் எம் பாடசாலைகளிலே பெருகினர். அவர்தம் மாணவர் பல்கலைக்கழகம் புகுந்தனர். அவருட் சிலர் விரிவுரையாளராயினர். அச்சிலருள் ஒருவர் திரும்பி வாராதொழியின், மற்றொருவரை ஆக்க எத்தனை ஆண்டாகும்! மலையகத்துக்கெனப் பல்கலைக்கழகமொன்று வேண்டுமென்ற கோரிக்கை நெடுங்காலமாக ஒலிக்கின்றது. அது நிறைவேறும் நாளிலே கட்டடம் எழும், பதவிகளும் விளம்பரப்படுத்தப்படும். ஆனால் ஆங்கே துறைகளை நடத்தப்போகின்றவர் பிரட்டுக்களத்து முறையை விட்டுவிட்டு வருவாராயின் மாத்திரமே அது எமக்குப் பல்கலைக்கழகமாகும். அவர்களை ஆக்கும் பணி இன்றைய பல்கலைக்கழகங்களிலே இன்றே தொடங்குதல் வேண்டும்.

அன்று பிணைமுறியிலே கையொப்பமிட்டுக் கொடுத்தேன். என் மாணவர் வருவேன் என்றும் கூறவில்லை, வாரேன் என்றும் கூறவில்லை. "கடிதம் எழுதுகிறேன் ஐயா" என்று மாத்திரம் சொல்லி விடைபெற்றார். அவர் வாராவிடின் முறியிலே கண்ட தொகைக்கு யான் பொறுப்பாளி. பள்ளியாசிரியனுக்கு அது சிறு தொகையன்று. அதுபற்றி யான் அஞ்சவில்லை. அவர் புறப்படுவதற்கு இன்னுஞ் சில வாரங்கள் உள்ளன. அதற்கிடையில் அவருடைய துறைத்தலைவர் ஒருநாள் அவரை அழைத்து, அமரச் செய்து, "நீர் திரும்பி வந்ததும் எந்தப் பாடத்தை ஏற்க விரும்புகின்றீர்?" என்று கேட்பாராயின், என் கையொப்பத்துக்கு வேலையே இராது.